எண்ணெய் உறைந்த இரவு

மார்கழி மாதத்து விடியற்காலையில், திருவெம்பாவைப் பூசைக்குப் புறப்படும் வீடுகளில் ஒரு சிறு காட்சியைக் காணலாம். தலைக்கு வைப்பதற்காகத் தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்தால் எண்ணெய் வராது. வெளுத்துக் கட்டிபட்டுப் போத்தலின் கழுத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அதனை அடுப்படியில் சிறிது நேரம் வைத்தெடுப்பது நம் தாய்மாரின் வழக்கம். இதனை நாம் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. ஆயினும், இதே நிகழ்ச்சி வேறொரு நாட்டில் ஒரு மனிதனின் உயிருக்கே உலை வைக்கவும் கூடும்.

சென்ற தை மாதத்தில் ஒரு நாட் காலை, அயலிலுள்ள தாயார் ஒருவர் கலங்கிய முகத்துடன் என் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகன் என்னிடம் படித்தவன். இன்று மேற்குக் கனடாவில் பார லொறி ஓட்டுகிறான். முதல் நாளிரவு அவன் தொலைபேசியில் பேசினானாம்.

"மாஸ்டர், எண்ணெய் உறைஞ்சு லொறி நடுவழியிலை நிண்டுபோச்சுதாம். எரியிற சாமான் எப்பிடி மாஸ்டர் உறையும்? பிள்ளை என்னட்டை எதையோ மறைக்கிறான்" என்றார்.

"மறைக்கவில்லை அக்கா. உங்கள் தேங்காயெண்ணெய்ப் போத்தலுக்கு நேர்ந்ததுதான் அவனுடைய லொறிக்கும் நேர்ந்தது" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அன்று அவருக்குச் சொல்லிய விளக்கத்தையே இவ்வாரம் நேயர்களுக்கும் சற்று விரித்துச் சொல்லலாம் என எண்ணுகிறேன். குளிர் நாடுகளில் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. விஞ்ஞானம் கற்கும் மாணவர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு.

பொறியில்லாத எந்திரம்

ஜெர்மனிய அறிஞரான ருடோல்ப் டீசல் தமது எந்திரத்தை 1897 ஆம் ஆண்டில் ஆக்ஸ்பேர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். பெற்றோல் எந்திரத்தில் மின்பொறி ஒன்று எரிபொருளைக் கொளுத்துகிறது. டீசல் எந்திரத்திலோ பொறி என்பது இல்லை. உருளையினுள் காற்று மிக வலிந்து அமுக்கப்படுகின்றது. அதனால் அதன் வெப்பநிலை 500 பாகை சென்டிகிறேட்டையும் தாண்டுகின்றது. அவ்வேளையில் நுண்டுளிகளாகப் பீச்சப்படும் எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்கிறது. ஆகவே இவ்வெந்திரத்துக்கு வேண்டியவை இரண்டே. ஒன்று, போதிய சூடு. மற்றொன்று, தடையின்றி வந்து சேரும் தூய எண்ணெய். கடுங்குளிர் இவ்விரண்டையும் ஒருங்கே தாக்குகின்றது.

பீச்சுங் குழாயின் துளைகள் மிக நுண்ணியவை. தூசு புகுந்தால் அவை கெட்டுவிடும். ஆதலால், எண்ணெய் தாங்கியிலிருந்து எந்திரத்துக்குச் செல்லும் வழியில் வடிகட்டி ஒன்றை அமைத்திருக்கின்றனர். அதன் கண்கள் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கைச் சில மடங்காக்கினால் எவ்வளவோ அவ்வளவே. கோடையில் எந்திரத்தைக் காக்கும் இவ்வடிகட்டியே பனிக்காலத்தில் அதன் குரல்வளையை நெரிக்கும் கருவியாகிவிடுகின்றது.

நான் சொல்லித்தராத பாடம்

நீர் பூச்சியம் பாகையில் உறையும் என்று வகுப்பில் கற்பிக்கிறோம். மாணவனும் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் உறைநிலை உண்டு என்று மனனஞ் செய்துகொள்கிறான். தூய பொருள்களுக்கு இது பொருந்தும். டீசலோ தனிப்பொருளன்று, பலவகை ஐதரோகாபன்களின் கலவை. அவற்றுள் நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளையுடைய பரபின் மெழுகுகளும் உண்டு. குளிர் ஏற ஏற இம்மெழுகுகளே முதலில் பிரிந்து வெளிப்படுகின்றன. எனவே டீசலுக்கு உறைநிலை ஒன்றன்று, படிகள் மூன்று.

தெளிந்த எண்ணெயில் முகில் படர்ந்தாற்போல் கலங்கல் தோன்றுவது முதற்படி. இது முகினிலை எனப்படும். மெழுகுப் பளிங்குகள் தகடு தகடாகத் திரண்டு வடிகட்டியை அடைப்பது இரண்டாம் படி. எண்ணெய் முழுவதும் கூழ்போலாகி ஓடமறுப்பது மூன்றாம் படி. இரண்டாம் படியிலேயே எந்திரம் நின்றுவிடும் என்பது கவனிக்கத்தக்கது. தாங்கியிலுள்ள எண்ணெயின் பெரும்பகுதி இன்னும் திரவமாகவே இருக்க, அதில் மிகச் சிறு பங்கான மெழுகு வழியை மறித்துவிடுகின்றது.

இதனை யறிந்த குளிர்நாட்டார் பருவத்துக்கேற்ப டீசலை மாற்றி விற்கின்றனர். ஜெர்மனியில் கோடைக்கால டீசல் பூச்சியம் பாகைவரை வடிகட்டியை அடைக்காதிருத்தல் போதும். நவம்பர் 16 முதல் பெப்ரவரி இறுதிவரை விற்கப்படுவதோ பூச்சியத்தின் கீழ் 20 பாகைவரை தாங்குதல் வேண்டும். கனடாவிலும் பிரதேசத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப எண்ணெயின் தரம் மாறும். மெழுகு மிகக் குறைந்த, மண்ணெண்ணெயை ஒத்த இலேசான டீசலைக் கலப்பதும் அங்கே வழக்கம்.

நம் மாணவன் செய்த பிழை இங்கேதான். தெற்கே, இளஞ்சூடான அமெரிக்க மாநிலமொன்றில் தாங்கியை நிரப்பிக்கொண்டு அவன் வடக்கு நோக்கி ஓட்டியிருக்கிறான். வழியில் வேறு எண்ணெய் இடவில்லை. அன்றிரவு குளிர் பூச்சியத்தின் கீழ் 32 பாகை. ஏற்றமொன்றில் லொறி இளைப்பு நோயாளன்போல் திணறிச் சிறிது தூரஞ் சென்று நின்றுவிட்டது.

நோயும் குறிகளும்

இத்தகைய வேளையில் மனம் பதறிக் கண்டதையெல்லாம் கழற்றுவது பேதைமை. நல்ல வைத்தியன் நாடி பார்ப்பதுபோல் குறிகளை ஒழுங்காக நோக்க வேண்டும்.

எந்திரத்தைத் தொடக்கும்போது அது மந்தமாகச் சுழன்றால் குற்றம் டீசலில் அன்று. பற்றரியிலும் தடித்துப்போன உராய்வெண்ணெயிலுமே தேடவேண்டும். பூச்சியத்தின் கீழ் 18 பாகையளவில் பற்றரியின் தொடக்கு வலிமை ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்துவிடும். எந்திரம் விரைவாகச் சுழன்றும் பற்றாமல், புகைக்குழாயில் வெண்புகை வந்தால், எண்ணெய் வந்து சேர்கின்றது, சூடு போதவில்லை என்பது பொருள். முன்சூடாக்கும் கருவிகளைச் சோதித்தல் வேண்டும். விரைவாகச் சுழன்றும் புகையே இல்லையெனில் எண்ணெய் வரவில்லை என அறியலாம். தொடங்கிச் சில நிமிடம் நன்றாக ஓடிப் பின்னர் வலியிழந்து நின்றால், பெரும்பாலும் வடிகட்டி அடைபட்டது எனக் கொள்ளலாம். வடிகட்டிக்கு அப்பால் எஞ்சியிருந்த எண்ணெய் தீரும்வரை ஓடியதே அதற்குக் காரணம்.

அடைத்தது யாது? வடிகட்டியில் வெண்மையான வழுவழுத்த கூழ் காணப்பட்டால் அது மெழுகு. நீர் பிரிக்கும் கிண்ணத்தின் அடியில் கடினமான மணிகள் கிடந்தால் அது பனிக்கட்டி. பாதி வெறுமையான தாங்கியில் காற்றின் ஈரம் படிந்து நீராகி, மெழுகு பிரிவதற்கு முன்னரேகூட அது உறைந்து வழியை மறிப்பதுண்டு. இரண்டும் இன்றேல், குளிரால் சுருங்கிய இணைப்புகளினூடே காற்றுப் புகுந்திருக்கலாம். ஒளி புகும் குழாயுள்ள எந்திரங்களில் குமிழிகள் ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

மெழுகுக்கும் பனிக்கட்டிக்கும் மருந்து ஒன்றே, அது சூடு. வண்டியை வெதுவெதுப்பான கொட்டகைக்குள் இழுத்துச் சென்று, வடிகட்டியை மாற்றி, கைப்பம்பினால் காற்றைப் போக்கித் தொடக்குவதே நேரான வழி. தாங்கியின் கீழ்த் தீ மூட்டுவதும், டீசலில் பெற்றோலைக் கலப்பதும் பெருந்தீங்கு. பெற்றோல் கலந்த தாங்கி எளிதில் தீப்பற்றும். அன்றியும் புதிய எந்திரங்களின் பம்பிகளுக்கு டீசலே உராய்வைத் தடுக்கும் எண்ணெயாகவும் உதவுவதால், அவை தேய்ந்து கெடும். முன்சூடாக்கும் கருவியுள்ள எந்திரத்தில் ஈதர் தெளித்தால் வெடிப்பு நேரலாம். உயரமுக்கக் குழாய்களைத் தளர்த்துவதும் ஆகாது. அங்கிருந்து சீறும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்செல்லும்.

நம் மாணவன் வேறொரு பிழையும் செய்தான். லொறி நின்றபின் மெழுகைத் தடுக்கும் மருந்தைத் தாங்கியில் ஊற்றினான். அம்மருந்து மெழுகுப் பளிங்குகள் பெரிதாக வளர்வதைத் தடுப்பது. வளர்ந்து திரண்டதைக் கரைப்பதன்று. எண்ணெய் தெளிவாக இருக்கும்போதே அதனைச் சேர்த்தல் வேண்டும். வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்பது நம் முதுமொழி அன்றோ! பின்னர் அவன் எந்திரத்தை மீண்டும் மீண்டும் சுழற்றிப் பற்றரியையும் இழந்தான். எந்திரம் நின்றால் ஓட்டுநர் அறையின் வெப்பமும் நின்றுவிடும். உதவி வந்துசேர இரண்டரை மணி நேரமாயிற்று. தடித்த போர்வைகளும் கம்பளி உடுப்புகளும் வண்டியில் இருந்தமையாலும், வெளியே இறங்கி நடவாமல் உள்ளேயே இருந்தமையாலும் அவன் பிழைத்தான்.

குளிர்நாடுகளில் வண்டியோட்டும் நம்மவர் இவற்றை நினைவிற் கொள்வாராக: குளிர்ப் பிரதேசத்தை எட்டுமுன்பே அவ்விடத்துக்குரிய டீசலை நிரப்புக. தாங்கியை நிறைவாக வைத்திருக்க. நீர் பிரிக்கும் கிண்ணத்தை நாடோறும் வடித்துவிடுக. மாற்று வடிகட்டி ஒன்றும் போர்வையும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். கனடாவில் இரவு முழுதும் மின்சாரத்தால் எந்திரத்தைச் சூடாக்கி வைப்பார்கள். அது எந்திரத்தைச் சூடாக்குமேயன்றித் தாங்கியிலுள்ள எண்ணெயைச் சூடாக்காது என்பதையும் மறத்தலாகாது.

இவ்வளவையும் கேட்டிருந்த தாயார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "அப்ப பிள்ளை சொன்னது உண்மைதான். உதையெல்லாம் நீங்கள் பள்ளிக்கூடத்திலை அவனுக்குச் சொல்லிக் குடுக்கேல்லையோ மாஸ்டர்?" என்றார்.

அவர் குறை கூறவில்லை, வெள்ளையுள்ளத்தோடு கேட்டார். எனினும் அக்கேள்வி என்னைச் சுட்டது. உருகுநிலைப் பாடத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதினேன். எண்களை ஒப்புவிக்கச் செய்தேன். கலவைகள் எவ்வாறு உறையும் என்பதையோ, அடுப்படியிலிருக்கும் எண்ணெய்ப் போத்தலையோ ஒருநாளும் வகுப்புக்குக் கொண்டு சென்றேனில்லை. சோதனைக்கு வேண்டியதைச் சொன்னேன். வாழ்க்கைக்கு வேண்டியது சொல்லப்படாமலே நின்றது.

அடுத்த நாள் முதற் பாடவேளைக்கு உறைந்த தேங்காயெண்ணெய்ப் போத்தலொன்றுடன் சென்றேன். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். வெயில் சன்னலால் வந்து போத்தலின்மேல் விழ, கட்டி மெல்ல மெல்ல நெகிழ்ந்து தெளிவதைப் பின்னர் ஒருவரும் பேசாமல் நோக்கிக் கொண்டிருந்தார்கள்.