ஒட்டகத்தைக் கட்டும் கணக்கு

கணிதம், கணினி அறிவியல், வணிகவியல் என எதை எடுத்துப் படித்தாலும், கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளைகளில் பலர் புள்ளியியல் என்னும் தாளைச் சந்திக்கின்றனர். திருவண்ணாமலை போன்ற ஊர்களில் தமிழ் வழியில் பள்ளிப்படிப்பை முடித்து வருவோர் பலருக்கு அது 'அரியர்' விழும் தாளாகவே அறிமுகமாகிறது. சூத்திரங்களை மனனம் செய்து, தேர்வெழுதி, மறந்துவிடுகின்றனர்.

இதனுடன் நம் இல்லங்களில் வேறொரு தயக்கமும் உண்டு. பகடை, நாணயம், சீட்டுக்கட்டு என்று தொடங்கும் நிகழ்தகவுப் பாடம் சூதாட்டத்தின் பாடமல்லவா? எல்லாம் அல்லாஹ்வின் விதிப்படியே நடக்கும் என ஈமான் கொண்டவருக்கு வாய்ப்பைக் கணக்கிடும் கல்வி எதற்கு? இவை நேர்மையான கேள்விகள். நேர்மையாகவே விடை காண வேண்டியவை.

முதல் கேள்வியில் உண்மை உண்டு. பாதியில் நின்றுபோன சூதாட்டத்தில் பந்தயப் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று பாஸ்கல், ஃபெர்மா ஆகிய பிரெஞ்சு அறிஞர்கள் 1654இல் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்தே இத்துறை முறையாக வளர்ந்தது. ஆயினும், சூதாட்டத்திற்கு எதிராக அறிவு தரும் மிக வலுவான சான்றும் இதே கணக்கில்தான் இருக்கிறது. பகடையில் விழும் எண்ணைச் சரியாகச் சொன்னால் 50 ரூபாய் தருவதாகவும், ஒவ்வோர் ஆட்டத்திற்கும் 10 ரூபாய் கட்ட வேண்டும் என்றும் ஒருவன் அழைப்பதாகக் கொள்வோம். 600 முறை ஆடினால் கட்டுவது 6,000 ரூபாய். ஆறில் ஒரு முறை வீதம் ஏறத்தாழ 100 முறை வென்றால் திரும்பக் கிடைப்பது 5,000 ரூபாய். இடையில் சில நாள் கை ஓங்கலாம். ஆட ஆட, நட்டம் தன் அளவை நோக்கியே செல்லும். கடனிலும் தற்கொலையிலும் குடும்பங்கள் சிதைவதைக் கண்டு, இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழகச் சட்டமன்றம் 2022இல் சட்டம் இயற்றியது. கைபேசியில் வரும் அத்தகைய அழைப்புகளை ஹராம் என்று விலக்கும் இளைஞன், அதன் கேட்டை எண்களாலும் அறிந்திருந்தால் தன் நண்பனையும் தடுத்து நிறுத்த முடியும்.

இரண்டாம் கேள்வி இன்னும் ஆழமானது. நிகழ்தகவு மறைவான ஞானத்திற்கு உரிமை கோருவதில்லை. நாளை இது நடந்தே தீரும் என்று உறுதி கூறுபவன் குறிகாரன். மழைக்கு 70 விழுக்காடு வாய்ப்பு என்று சொல்லும் வானிலை அறிஞரோ, நாளை நடப்பதைத் தாம் அறியார் என்பதை ஒப்புக்கொண்டு, அறிந்த அளவை மட்டும் சொல்கிறார். அல்லாஹ்வின் அறிவில் ஐயம் என்பதே இல்லை. ஐயம் நம் அறிவில்தான் உள்ளது. அந்த ஐயத்தை அளப்பதே இக்கல்வி. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவனை நம்பலாமா என்று கேட்டவரிடம், அதைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைக்குமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதீயில் பதிவாகியுள்ளது. எந்தக் கயிற்றால் கட்டுவது என்பதைக் கற்றுத் தரும் கல்விகளுள் ஒன்று நிகழ்தகவு.

நம் ஊருக்கு இது ஏட்டுச் செய்தியன்று. 2024 டிசம்பர் 1ஆம் நாள், ஃபெஞ்சல் புயல் கொண்டுவந்த மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவு மண் சரிந்து ஒரு வீட்டை மூடியது. எழுவர் இறந்தனர், அவர்களுள் ஐவர் சிறுவர்கள். அதே நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் பெருவெள்ளம் திறந்துவிடப்பட்டது. விதி என்று பொறுமை கொள்வது முஸ்லிமின் கடமை. அடுத்த வீட்டை எங்கே கட்டுவது என்று எண்ணிப் பார்ப்பதும் கடமையே. 'நூறாண்டு வெள்ளம்' என்று பொறியாளர்கள் சொல்லும்போது, அது நூறாண்டுக்கு ஒருமுறைதானே வரும் என்று மக்கள் நிம்மதி கொள்கின்றனர். எந்த ஓர் ஆண்டிலும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். ஆற்றோரம் வீடு கட்டி 30 ஆண்டுகள் வாழ்பவர் அதனை ஒருமுறையேனும் சந்திப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு, அதாவது நான்கில் ஒன்று. முதலாண்டு மாணவி ஒருத்தி இதை ஐந்து நிமிடத்தில் கணக்கிட்டுத் தன் வாப்பாவிடம் காட்ட முடியும்.

புள்ளியியல் மற்றொன்றையும் கற்றுத் தருகிறது: யாரை எண்ணினோம், எப்போது எண்ணினோம் என்று கேட்பது. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நின்று எண்ணியவர், திருவண்ணாமலையில் வாழ்வோர் அனைவரும் வெளியூரார் என்றே முடிவு செய்வார். எண்ணிக்கை சரியாக இருந்தும் முடிவு பிழையாகும். செய்தி கொண்டு வருபவரைத் தீர விசாரிக்கச் சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்த நாம், வாட்ஸ்அப்பில் வரும் விழுக்காடுகளையும் அவ்வாறே விசாரிக்க வேண்டாமா?

நம்மைப் பற்றிய பேச்சே இதற்குச் சான்று. முஸ்லிம் பிள்ளைகளில் பெரும்பாலோர் மதரஸாக்களில்தான் படிக்கின்றனர் என்னும் எண்ணம் நாட்டில் நெடுங்காலம் பரவியிருந்தது. 2005இல் அமைக்கப்பட்ட நீதியரசர் ராஜிந்தர் சச்சார் குழு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேசிய மாதிரி ஆய்வு முதலியவற்றின் தரவுகளைத் தொகுத்து 2006 நவம்பரில் அறிக்கை அளித்தது. பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளுள் மதரஸாவில் பயில்வோர் ஏறத்தாழ 3 விழுக்காடே என்று அது காட்டியது. ஐ.ஏ.எஸ். பணியில் முஸ்லிம்கள் 3 விழுக்காடு மட்டுமே என்பதையும் அதே அறிக்கை பதிவு செய்தது. அவதூறுக்கு மறுப்பும் நம் குறைக்குக் கண்ணாடியும் ஒரே ஏட்டில் கிடைத்தன.

இக்கல்வி நமக்கு அந்நியமானதும் அன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-கிந்தி, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணியே மறைமொழியை உடைக்கும் முறையை எழுதி வைத்தார். ஆனால் முன்னோர் பெருமையைப் பேசி அமைந்துவிடுவதால் பயனில்லை.

ஆகவே பெற்றோரே, பிள்ளை இத்தாளைத் தேர்ச்சிக்காக மட்டும் படிக்க விடாதீர்கள். வீட்டு மின்கட்டணத்தையும் கடையின் அன்றாட விற்பனையையும் கொடுத்துச் சராசரியும் திட்டவிலக்கமும் காணச் சொல்லுங்கள். ஜமாஅத் பொறுப்பாளர்களே, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் நம் மஹல்லாவில் எத்தனை பெண் பிள்ளைகள் படிப்பை நிறுத்தினர், ஜகாத் பெற்ற குடும்பங்களுள் எத்தனை அடுத்த ஆண்டும் அதே நிலையில் உள்ளன என்பதை இம்மாணவர்களைக் கொண்டே கணக்கெடுங்கள். மாணவர்களே, பட்டப்படிப்பில் புள்ளியியலை ஒரு பாடமாகப் படித்தோர் மத்தியத் தேர்வாணையம் நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வை எழுதலாம் என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

எண்ணாமல் சொல்லும் சொல்லிலிருந்தும், விசாரிக்காமல் நம்பும் செய்தியிலிருந்தும் வல்ல அல்லாஹ் நம்மைக் காப்பானாக. நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வழங்குவானாக. ஆமீன்.