நெறி கட்டியவருக்கு ஒரு தேதி

மட்டாஞ்சேரியில் நெறி கட்டுவது என்பது பல தலைமுறைகளாகச் சாதாரண உபாதையாக மட்டும் கருதப்பட்டதில்லை. தொடையிடுக்கில் ஒரு கட்டி எழும்பி, குளிர்காய்ச்சல் கண்டு, கால் சிவந்து தடித்துவிட்டால், அது மலையாளிகள் மந்து என்றும் நாம் யானைக்கால் என்றும் சொல்லும் வியாதியின் ஆரம்பமாக இருக்கலாம் என்ற அச்சம், பஜார் சாலையின் மிளகுக் கிடங்குகளில் மூட்டை சுமந்தவர்களுக்கும் ஃபோர்ட் கொச்சிச் சலவைத்துறையில் துணி வெளுத்த நம்மவர்களுக்கும் பொதுவாக இருந்தது. ஐரோப்பியர் இந்த வியாதிக்கே 'கொச்சிக் கால்' என்று பெயரிட்டு, ஊருக்கு வேண்டாத கீர்த்தியைத் தேடித் தந்தார்கள். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோவாவில் தங்கியிருந்த லின்ஸ்கோட்டன் என்ற ஒல்லாந்தர், மயிலாப்பூரில் தோமையாரைக் கொன்றவர்களின் சந்ததிக்கு நேர்ந்த சாபமே இந்தப் பருத்த கால் என்று ஜனங்கள் நம்பியதைத் தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார். காரணம் புலப்படாத வீக்கத்துக்கு மனிதன் ஒரு கதை கட்டாமல் இருப்பதில்லை. அன்று அந்தக் கதை சாபம், இன்று புற்றுநோய்.

சாபக் கதையின் பலம் குன்றத் தொடங்கியது, 1877இல் சீனத் துறைமுகமான அமாயில் பாட்ரிக் மான்சன் என்ற வைத்தியர், இந்த வியாதியின் புழு கொசுவின் உடலுக்குள் வளர்வதைக் கண்ட பிறகுதான். 1955இல் நம் தேசத்தில் யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. நுண்புழுக்கள் பகலில் உள்ளுறுப்புகளின் நாளங்களில் ஒதுங்கிக் கிடந்து, இரவில்தான் தோலையொட்டிய ரத்தத்துக்கு வருமாகையால், சுகாதார ஊழியர்களும் இரவில்தான் கண்ணாடிச் சில்லுகளோடு வீடு வீடாக வந்தார்கள். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், பிறகு முடிவு; புழு இருந்தால் 12 நாள் மாத்திரை. அந்த ஏற்பாட்டில் வைத்தியச் சிறப்பைக் காட்டிலும் நான் மெச்சுவது வேறொன்று: பயந்தவனுக்கு அவன் பயம் எந்த நாளில் எப்படித் தீரும் என்பது தெரிந்திருந்தது.

இப்போது அப்படியில்லை. எனக்குத் தெரிந்த ஏற்றுமதிக் கம்பெனிக் குமாஸ்தா ஒருவர், ஜலதோஷம் போன பிறகும் தாடைக்குக் கீழே தங்கிவிட்ட பயறளவுக் கட்டியொன்றைக் கணக்குப் புத்தகம் புரட்டும் வேளையிலும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே இருப்பார். "தொட்டுத் தொட்டுத்தாங்க அது வீங்குது, கையை எடுங்க" என்று மனைவி தட்டிவிடுவாள். பிறகு அவரே அவளையும் தொட்டுப் பார்க்கச் சொல்வார். பிளாஸ்டிக் உறையில் மூன்று ஸ்கேன் அறிக்கைகள் இருக்கின்றன. மூன்றிலும் 'ரியாக்டிவ் நோட்ஸ்' என்றுதான் எழுதியிருக்கிறது. அதாவது, ஏதோ ஒரு தொற்றை எதிர்த்து வேலை செய்த கிரந்தி. ஆனால் அறிக்கையின் அடியில், வைத்தியர் நேரில் பார்த்து ஒப்பிட்டு முடிவு செய்ய வேண்டும் என்று வழக்கமாக அச்சிடும் ஒரு வரி இருக்கிறதே, அதுதான் அவர் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

அவருடைய மனைவி சொன்னது சரி. ஓயாமல் பிசையும் கிரந்தி வலிக்கும். வலிப்பதால் மேலும் பிசையத் தோன்றும். சொறியச் சொறிய அரிப்பு வளர்வது போலத்தான் இதுவும். மனித சரீரத்தில் இவ்வகைக் கிரந்திகள் சுமார் 600 உண்டு. மெலிந்த கழுத்தில் அவற்றில் சில விரலுக்குத் தட்டுப்படுவது இயல்பு. நெதர்லாந்தில் குடும்ப வைத்தியர்களிடம் காரணம் தெரியாத நெறிக்கட்டோடு வந்த 2,556 பேரை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட ஆய்வில், புற்று என்று தெரியவந்தது 29 பேருக்கு. நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல்.

என்றாலும் இந்தக் கணக்கை நம் ஊருக்கு அப்படியே கொண்டுவந்து, பயப்படுகிறவனைப் பார்த்துச் சிரிப்பதற்கில்லை. நம் தேசத்தில் வாரக்கணக்கில் வற்றாத கழுத்து நெறிக்கு க்ஷயரோகம் ஒரு பிரதான காரணம். சித்த வைத்தியர்கள் கண்டமாலை என்று சொல்லிவந்தது பெரும்பாலும் இதையே. மெல்லிய ஊசியால் உறிஞ்சியெடுத்துப் பரிசோதித்தால் அநேகமாகத் தெரிந்துவிடும்; அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்; வழக்கமாக ஆறு மாதத்தில் குணமாகும். நான்கு வாரத்திற்குப் பிறகும் வற்றாதது, வளர்ந்துகொண்டே போவது, கல்லைப்போல் இறுகி அசையாதிருப்பது, காறையெலும்புக்கு மேலே தோன்றுவது, காய்ச்சலும் இரவு வியர்வையும் உடல் மெலிவும் கூட வருவது ஆகியவற்றில் எது கண்டாலும் காலதாமதம் கூடாது. ஆகவே, "ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிடும் வைத்தியர், அறிவீனமான பயத்தை மட்டுமல்ல, நியாயமான சந்தேகத்தையும் சேர்த்தே வெளியேற்றுகிறார். கேட்டதற்கெல்லாம் ஸ்கேன் எழுதிக் கொடுப்பவர் அதைவிட நல்லவர் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. பரிசோதனை தரும் சமாதானம் இரண்டு நாள் நிற்கும், மூன்றாம் நாள் விரல் மறுபடியும் கழுத்துக்குப் போகும்.

வியாதி பற்றிய இந்த ஓயாத கவலைக்கும் வைத்தியம் இல்லாமலில்லை. பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் இத்தகைய கவலை உள்ள 444 பேரைக் கொண்டு பீட்டர் டைரரும் சகாக்களும் செய்த சோதனையில், எண்ணப் போக்கையும் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றும் உளவியல் சிகிச்சை, சில அமர்வுகளிலேயே, இரண்டு வருஷம் நிற்கும் பலனைத் தந்தது. இதைச் செவிலியர்களும் பயின்று செய்ய முடிந்தது என்பது, மனநல வைத்தியர் கிடைப்பது அரிதான நமக்குக் கவனிக்கத் தக்க விஷயம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் பேசச் செலவும் இல்லை.

ஆனால் நான் கேட்பது இதைவிட எளியது. கட்டி எங்கே இருக்கிறது, எத்தனை மில்லிமீட்டர், எந்தத் தேதியில் மறுபடி வரவேண்டும், எது கண்டால் அதற்கு முன்பே வரவேண்டும் என்பதை ஓ.பி. சீட்டிலேயே வைத்தியர் எழுதித் தரட்டும். அந்தத் தேதிவரை தொடுவதில்லை என்று நோயாளி ஒப்புக்கொள்ளட்டும். வெளியே நூறு பேர் நிற்கையில் இதற்கு நேரமேது என்பார்கள். எழுத அரை நிமிஷம் ஆகும்; எழுதாமல் அனுப்பினால், அதே ஆள் அதே கட்டியோடு அந்த வரிசையில் திரும்பத் திரும்ப வந்து நிற்பார்.

இன்னொன்றும் உண்டு. தமிழும் கொங்கணியும் குஜராத்தியும் மலையாளமும் அடுத்தடுத்த வாசல்களில் பேசும் ஊர் இது. ஸ்கேன் அறிக்கையோ இங்கிலீஷில் வருகிறது. வைத்தியர் அதை மலையாளத்தில் விளக்குகிறார். வாணிபத்துக்குப் போதுமான மலையாளம் பேசும் நம்மவர், இரவில் விழித்துக்கொண்டு படுத்திருக்கையில் தமிழில்தான் பயப்படுகிறார். சீட்டில் எழுதியதை அவரவர் வீட்டுப் பாஷையில் ஒருமுறை எடுத்துச் சொல்ல, வீடுதோறும் ஏற்கனவே போய்வருகிற ஆஷா ஊழியர்களைப் பழக்குவதற்குப் புதிய திட்டமோ பெரிய பணமோ வேண்டியதில்லை. மாநகராட்சியும் சுகாதாரத் துறையும் இந்த வருஷமே தொடங்கலாம்.