ஒரே விலை, இரண்டு சரக்கு

"வீடியோ கேமைப் பற்றியெல்லாம் நம் பத்திரிகையில் எழுத வேண்டுமா?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். எழுதத்தான் வேண்டும். உலகெங்கும் கோடிக்கணக்கான இளைஞர்கள் வேலை முடிந்து வந்து இதன் முன்னால்தான் உட்காருகிறார்கள். அவர்களுக்கு விற்கப்படும் சரக்கை யார் செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள், காசு யார் பெட்டிக்குப் போகிறது என்று கேட்பது உழைப்பாளி மக்கள் பத்திரிகையின் வேலை இல்லையென்றால், வேறு யாருடைய வேலை?

இந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. புதிய விளையாட்டு யந்திரம் சந்தைக்கு வந்ததும், ஒரே விளையாட்டைப் பழைய யந்திரத்திலும் புதியதிலும் ஓடவிட்டு, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். பழையதில் சுவர் மங்கல். புதியதில் செங்கல் செங்கலாகத் தெரிகிறது. பழையதில் விநாடிக்கு 30 படம், புதியதில் 60. பார்த்தவன் பெருமூச்சு விட்டு, புதிய யந்திரத்துக்குக் காசு சேர்க்கக் கிளம்புகிறான். இந்த ஒப்பீட்டில் பொய் இல்லை. ஆனால் அதில் இருப்பது பாதி உண்மை. மீதிப் பாதி யந்திரத்துக்குள் இல்லை, கம்பெனிக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. போலந்து நாட்டில் நடந்த ஒரு விவகாரத்தைப் பார்த்தால் இது விளங்கும்.

வார்சா நகரத்தில் ஸி.டி. புரோஜெக்ட் என்றொரு கம்பெனி. போலந்தில் சோஷலிஸ ஆட்சி போய் முதலாளித்துவம் திரும்பி வந்த சில ஆண்டுகளில், 1994ல், வெளிநாட்டு விளையாட்டுகளை வாங்கி விற்கும் சிறிய வியாபாரமாகத் தொடங்கியது. பிறகு சொந்தமாக விளையாட்டுகள் செய்து பெரும் புள்ளியாகிவிட்டது. இந்தக் கம்பெனி 2012ல் அறிவித்த விளையாட்டுக்குப் பெயர் சைபர்பங்க் 2077. கதை என்ன தெரியுமா? அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு கற்பனை நகரம். அங்கே சர்க்கார் என்பது பேருக்குத்தான். அராசகா என்ற ராட்சதக் கம்பெனி தனிப் பட்டாளம் வைத்துக்கொண்டு ஜனங்களை ஆட்டிப் படைக்கிறது. ஏகபோக முதலாளிகளின் அட்டூழியத்தைக் காட்டுகிற கதை! அந்தக் கதையை விற்ற கம்பெனி என்ன செய்தது என்பதுதான் வேடிக்கை.

முதலில் 2020 ஏப்ரலில் வெளியிடுவதாகச் சொன்னார்கள். அது செப்டம்பராகி, நவம்பராகி, கடைசியில் டிசம்பர் 10ந் தேதி வெளியாயிற்று. அதற்குள் 80 லட்சம் பேர் முன்கூட்டியே ஆர்டர் கொடுத்திருந்தார்கள். பத்திரிகை விமர்சகர்களுக்குக் கம்ப்யூட்டரில் ஓடும் பிரதி மட்டும் முன்னதாகக் கொடுக்கப்பட்டது. விலை உயர்ந்த கம்ப்யூட்டரில் பார்த்தவர்கள் ஆஹா என்றார்கள். 2013ல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் யந்திரங்களில் அது எப்படி ஓடுகிறது என்பதை மட்டும் வெளியீட்டு நாள் வரை விமர்சகர் எவர் கண்ணிலும் காட்டவில்லை. இந்த இடத்தை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கடைக்காரன் ஒரு மூட்டையைப் பிரித்துக் காட்டி, இன்னொரு மூட்டையைத் தலையில் ஏற்றி அனுப்பினால் அதற்கு நம் ஊரில் என்ன பெயர்?

பழைய யந்திரக்காரன் வீட்டில் பெட்டியைத் திறந்தபோது விநாடிக்கு 20 படம்கூடத் தேறாமல் கார் நொண்டியது. எதிரே வருகிற மனிதனுக்கு முகம் இல்லை. மெழுகுப் பொம்மை மாதிரி ஒரு உருண்டை. நாலு விநாடி கழித்துத்தான் கண்ணும் மூக்கும் முளைத்தன. ஜனநெரிசல் மிகுந்த நகரம் என்று விளம்பரம். தெருவிலோ ஆள் அரவம் இல்லை. நடுநடுவே ஆட்டமே அறுந்து விழுந்தது. இவன் கொடுத்ததும் 60 டாலர். கம்ப்யூட்டரில் ரசித்தவன் கொடுத்ததும் 60 டாலர்.

கூச்சல் கிளம்பியது. டிசம்பர் 14ந் தேதி கம்பெனி மன்னிப்புக் கேட்டது. நாலு நாளில் சோனி கம்பெனி இந்த விளையாட்டைத் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டு, காசைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. பெரிய கம்பெனியின் சரக்குக்கு இப்படி நடப்பது அபூர்வம். ஆறு மாதம் கழித்து, 2021 ஜூனில்தான் திரும்பவும் கடையில் வைத்தார்கள்.

"பழைய யந்திரத்துக்குச் சக்தி போதாது" என்பது வக்காலத்து வாங்குவோரின் வாதம். இதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது, மறுக்கவில்லை. கார் வேகமாகப் போகும்போது அடுத்த தெரு, அங்குள்ள வீடுகள், ஆட்கள் எல்லாவற்றையும் கணத்துக்குக் கணம் டிஸ்கிலிருந்து இழுத்துக் கொண்டுவர வேண்டும். பிளேஸ்டேஷன் 4ல் இருப்பது சுழலுகிற பழைய ஹார்டு டிஸ்க். 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5ல் இருப்பது பல பத்து மடங்கு வேகமாகத் தரவு கொடுக்கும் எஸ்.எஸ்.டி. கம்பெனியின் ஸ்தாபகர்களில் ஒருவரே 2021 ஜனவரியில் இந்த டிஸ்க் விஷயத்தை விளக்கினார்.

சரி, அந்த டிஸ்கின் வேகம் 2020 டிசம்பரில்தான் கம்பெனிக்குத் தெரிய வந்ததா? அதே யந்திரத்தில் இதே கம்பெனி 2015ல் விட்சர் 3 விளையாட்டை வெளியிட்டுக் காசு பார்த்தது. அதே யந்திரத்தில் 2018ல் வேறொரு கம்பெனியின் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கண்கொள்ளாக் காட்சியாக ஓடியது. (அதுவும் தொழிலாளிகளைச் சக்கையாகப் பிழிந்து செய்யப்பட்டதுதான், அது தனிக் கதை.) யந்திரம் ஏமாற்றவில்லை. அதன் அளவு ஏழு வருஷமாகத் தெரிந்த அளவு.

பழைய யந்திரத்துக்கு ஒத்துவராது என்றால் ஏன் அதற்கு விற்றார்கள்? பதில் எளிது. பிளேஸ்டேஷன் 4 மட்டுமே 11 கோடிக்கு மேல் விற்றிருந்தது. புதிய யந்திரம் வந்து ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. கையில் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர். மினுக்கிக் காட்ட உயர்ந்த யந்திரம், காசு கறக்கப் பழைய யந்திரம். கிறிஸ்துமஸ் வியாபாரத்தைத் தவறவிட லாபவேட்டை சம்மதிக்கவில்லை.

தொழிலாளிகள் கதி

2019ல் இந்த நிர்வாகம், "கட்டாய ஓவர்டைம் கிடையாது" என்று பகிரங்கமாக வாக்குறுதி கொடுத்தது. 2020 செப்டம்பர் கடைசியில் வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்று உத்தரவு வந்தது. ஓவர்டைமுக்குக் கூலி கொடுத்தார்கள். போலந்துச் சட்டம் அப்படி. ஆனால் உறக்கமும் குடும்பமும் எந்தச் சட்டத்திலும் திரும்பக் கிடைப்பதில்லை. விளையாட்டு நொண்டியதும் ஏசப்பட்டவர்கள் யார்? அதைச் செய்த தொழிலாளிகள். "எங்கள் ஆட்களைக் குறை சொல்லாதீர்கள், வெளியிட முடிவு செய்தது நாங்கள்" என்று அந்த ஸ்தாபகர் 2021 ஜனவரியில் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒப்புக்கொண்டதற்குத் தண்டனை? அந்த ஆண்டு டைரக்டர்களுக்குப் பல லட்சம் டாலர் போனஸ்!

2022 பிப்ரவரி 15ந் தேதி பிளேஸ்டேஷன் 5க்கென்றே செய்த பதிப்பு வந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும்: அது நல்ல சரக்கு. விநாடிக்கு 60 படம் ஓடுகிறது, தெரு நிரம்பியிருக்கிறது, காத்திருப்பு மிகக் குறைவு. இரண்டு பதிப்புகளையும் பக்கத்தில் வைத்தால் ஒரே விளையாட்டு என்று நம்ப மாட்டீர்கள். ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்து ஒட்டுப்போட்டு நிமிர்த்திய தொழிலாளிகளின் கைத்திறன் அது.

பழைய பதிப்பை வாங்கியவர்களுக்குப் புதியது இலவசம் என்றார்கள். அந்த இலவசத்தை ஓட்டிப் பார்க்க அன்று 400, 500 டாலர் கொடுத்துப் புதிய யந்திரம் வாங்க வேண்டியிருந்தது! அதுவும் சில்லுத் தட்டுப்பாட்டில் யந்திரம் கடையில் கிடைக்காமல், கள்ளச்சந்தைக்காரன் சொன்னதே விலையாக இருந்த நாட்கள் அவை. யந்திரம் வாங்க வழியில்லாதவனுக்கு என்ன கிடைத்தது? 2022 செப்டம்பரில் 1.6 என்ற கடைசிப் பெரிய திருத்தம். அவ்வளவுதான். 2023 செப்டம்பரில் விளையாட்டையே மாற்றியமைத்த 2.0 திருத்தமும், ஃபேன்டம் லிபர்ட்டி என்ற புதுப் பகுதியும் புதிய யந்திரத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் மட்டுமே வந்தன. 2024 முடிவதற்குள் விற்பனை 3 கோடியைத் தொட்டது. அந்த மூன்று கோடிக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் நொண்டிக் காரை ஓட்டியவனும் ஒருவன்.

எந்த யந்திரத்துக்கு விற்கிறார்களோ அந்த யந்திரத்தில் ஓடும் படத்தையே விற்பனைக்கு முன் காட்ட வேண்டும். விமர்சகர்களுக்கும் அந்தப் பிரதியையே கொடுக்க வேண்டும். இதை எந்த சர்க்காரும் ஒரு வரிச் சட்டத்தில் செய்யலாம். போலந்தின் நுகர்வோர் பாதுகாப்பு இலாகா 2021 ஜனவரியில் கம்பெனியிடம் விளக்கம் கேட்டது. அமெரிக்காவில் பங்குதாரர்கள் வழக்குப் போட்டு 18 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார்கள். பங்கு வைத்திருந்தவனுக்கு இப்படி ஒரு வழி இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

வேலை செய்தவனுக்கு? புதுப் பகுதி வெளிவர இரண்டு மாதம் இருக்கையில், 2023 ஜூலையில், சுமார் 100 பேரை, அதாவது நூற்றுக்கு ஒன்பது பேரை, வேலையிலிருந்து அனுப்பப் போவதாகக் கம்பெனி அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் அங்குள்ள தொழிலாளிகள் போலந்தின் விளையாட்டுத் துறைத் தொழிற்சங்கத்தை ஆரம்பித்தார்கள். எதற்காகச் சங்கம் என்று கேட்டவர்களுக்கு அவர்கள் காட்டிய முதல் காரணம் அந்த நூறு பேர்தான்.