நோயாளி தெரிவு செய்ய முடியாத காற்று

இங்கிலாந்தில் 2025 ஆம் ஆண்டு ஒக்டோபர் 27 ஆம் திகதி புதிய சட்டவிதியொன்று நடைமுறைக்கு வந்தது. சமூக வீடமைப்பு நிறுவனங்களுக்குச் சொந்தமான வீடொன்றில் ஈரக்கசிவும் பூஞ்சணமும் குடியிருப்பவரின் உடல்நலத்துக்குப் பாரிய ஆபத்தாக இருப்பதாக முறையிடப்பட்டால், நிறுவனம் 10 வேலைநாட்களுக்குள் அதனை ஆராய வேண்டும். ஆபத்து உறுதியானால் அடுத்த 5 வேலைநாட்களுக்குள் வீட்டைப் பாதுகாப்பானதாக்க வேண்டும். அவசர ஆபத்தாயின் 24 மணித்தியாலங்களே அவகாசம்.

இச்சட்டம் ஒரு குழந்தையின் பெயரால் அழைக்கப்படுகின்றது. சூடானைப் பூர்வீகமாகக் கொண்ட பெற்றோரின் மகனான அவாப் இஷாக், ரொச்டேல் நகரிலுள்ள தொடர்மாடி வீடொன்றில் 2020 டிசம்பரில் இரண்டு வயதில் உயிரிழந்தான். சுவர்களில் பூஞ்சணம் படர்வதாகத் தந்தை 2017 ஆம் ஆண்டிலேயே முறையிட்டிருந்தார். அதன்மேல் வர்ணம் பூசுமாறு அவருக்குக் கூறப்பட்டது. நீண்டகாலம் பூஞ்சணத்தைச் சுவாசித்ததால் ஏற்பட்ட சுவாச நோயே மரணத்துக்குக் காரணம் என 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அக்குடும்பத்தின் வாழ்க்கை முறை பற்றித் தாம் தவறான ஊகங்களைச் செய்ததாக வீடமைப்பு நிறுவனமும் பின்னர் ஒப்புக்கொண்டது. வீட்டின் குறைபாட்டுக்குக் குடியிருப்பவரின் பழக்கவழக்கத்தைக் குறைகூறும் வழமை ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதல்ல.

இக்குழந்தைக்கே இக்கதியெனில், பிறவியிலேயே சுவாசப்பை பலவீனமானவர்களின் நிலை என்ன என்ற கேள்வியை நாம் இங்கு எழுப்ப விரும்புகின்றோம். சிஸ்டிக் பைப்ரோசிஸ் எனப்படும் பரம்பரை நோயைக் கொண்டவர்களே இவ்விடயத்தில் முதலில் கவனிக்கப்பட வேண்டியவர்கள். ஏழாம் நிறமூர்த்தத்திலுள்ள ஒரு பரம்பரை அலகின் குறைபாடே இந்நோய்க்குக் காரணம். அந்த அலகு 1989 இல் கண்டறியப்பட்டது. இக்குறைபாட்டால் உடலின் சுரப்புகள் தடித்துப் பசைபோலாகின்றன. சுவாசக் குழாய்களில் தேங்கும் அச்சளி கிருமிகளுக்கு வளமான விளைநிலமாகின்றது. பிரித்தானியாவில் சுமார் 11,000 பேர் இந்நோயுடன் வாழ்கின்றனர். தெற்காசியாவிலோ இது ஆஸ்துமா என்றோ காசநோய் என்றோ கருதப்பட்டுக் கண்டறியப்படாமலே போவதுண்டு.

இந்நோயாளரைத் தாக்கும் பங்கசுகளுள் முதன்மையானது அஸ்பர்ஜிலஸ் பியூமிகேட்டஸ் ஆகும். அதன் வித்திகள் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டு அல்லது மூன்று பங்கு அளவே இருப்பதால் சுவாசப்பையின் அடிவரை செல்லக்கூடியவை. நாம் எல்லோரும் அவற்றை நாள்தோறும் சுவாசிக்கின்றோம். எமது உடல் அவற்றை வெளியேற்றி விடுகின்றது. தடித்த சளி நிறைந்த சுவாசப்பையிலோ அவை தங்கி முளைக்கின்றன. சிலரில் கடும் ஒவ்வாமையை ஏற்படுத்திச் சுவாசக் குழாய்களை நிரந்தரமாகவே சிதைத்து விடுகின்றன.

இங்குதான் வாழும் சூழல் முக்கியத்துவம் பெறுகின்றது. பக்டீரியாத் தொற்று ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாதிருக்க இந்நோயாளரை வைத்தியசாலைகளில் ஒருவரையொருவர் சந்திக்க விடாது பிரித்து வைக்கின்றனர். பங்கசுத் தொற்று பெரும்பாலும் சக நோயாளியிடமிருந்து வருவதில்லை. வீடும் தோட்டமும் தெருவுமே அதன் ஊற்றுக்கள். ஈரச்சுவர், உக்கும் இலைகுழை, கூட்டுப்பசளைக் குவியல், குதிரை லாயத்து வைக்கோல், கட்டடம் இடிக்கும் புழுதி ஆகிய யாவற்றிலும் வித்திகள் உண்டு. சிடோஸ்போரியம் என்ற மற்றொரு பங்கசு நகர்ப்புற மண்ணில் மிகுதியாகக் காணப்படுகின்றது.

சுத்தத்தின் அடையாளமாக நாம் கருதும் இயந்திரங்களும் இதற்கு விலக்கல்ல. 18 நாடுகளில் 189 பாத்திரம் கழுவும் இயந்திரங்களை ஆராய்ந்து 2011 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 62 சதவீதமானவற்றின் கதவு இறப்பரில் பங்கசு காணப்பட்டது. அவற்றுள் முன்னிலை வகித்தது எக்சோபியாலா. அதுவும் சிஸ்டிக் பைப்ரோசிஸ் நோயாளரின் சளியில் காணப்படும் ஒன்றாகும். வெப்பத்தையும் சவர்க்காரத்தையும் தாங்குபவையே அங்கு எஞ்சிப் பெருகுகின்றன.

ஆகவே வைத்தியர்கள் அறிவுரை கூறுகின்றனர்: பசளைக் குவியலைக் கிளறாதீர்கள், ஈரமான அறையில் உறங்காதீர்கள், வீட்டைக் காற்றோட்டமாக வைத்திருங்கள். இவை சரியான அறிவுரைகளே. ஆயினும் வாடகை வீட்டின் கூரை ஒழுகுவதை நோயாளி எவ்வாறு தடுப்பார்? குளிர்காலத்தில் வெப்பமூட்டப் பணமில்லாத குடும்பம் யன்னலை எவ்வாறு திறந்து வைக்கும்? வறுமைக்கும் ஈரச்சுவருக்கும் இடையிலான தொடர்பை அறிவுரைகளால் அறுக்க முடியாது. இப்புதிய சட்டம் பொறுப்பை நோயாளியின் தோளிலிருந்து வீட்டு உரிமையாளரின் தோளுக்கு மாற்றியிருக்கின்றது. அந்த வகையில் இதனை நாம் வரவேற்கின்றோம்.

ஆனால் சுவருக்கு வெளியே இருக்கும் காற்றுக்கு யார் பொறுப்பு? அஸ்பர்ஜிலஸ் தொற்றுக்கு வைத்தியர்களிடமுள்ள பிரதான மருந்துகள் அசோல் வகையைச் சேர்ந்தவை. அதே வகை இரசாயனங்கள்தாம் பங்கசு நாசினிகளாக வயல்களிலும் தெளிக்கப்படுகின்றன. வயலில் அவற்றுக்குத் தப்பிப் பிழைக்கும் பங்கசு, நோயாளியின் சுவாசப்பைக்குள் நுழையும்போதே மருந்துக்கு அடங்காததாக இருக்கின்றது. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் பெறப்பட்ட 218 மாதிரிகளின் மரபுத் தகவல்களை இலண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2022 இல் முடிவுகளை வெளியிட்டனர். நோயாளரிடமும் சுற்றாடலிலும் பெறப்பட்ட சில எதிர்ப்புத்திறன் கொண்ட பங்கசுகள் ஏறத்தாழ ஒரே வகையினவாக இருந்தமை அதில் தெரியவந்தது. மருந்தை ஒருமுறையேனும் உட்கொள்ளாத நோயாளிக்கும் மருந்து பயன் தராது போகலாம் என்பதே இதன் பொருள். அதே ஆண்டு உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட பங்கசுப் பட்டியலில் அஸ்பர்ஜிலஸ் பியூமிகேட்டஸ் மிக உயர்ந்த முன்னுரிமைப் பிரிவில் வைக்கப்பட்டது. 2025 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றிய முகவரகங்கள் கூட்டாக வெளியிட்ட அறிக்கையோ, மனித மருத்துவத்துக்குப் புறம்பான அசோல் பாவனையில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்டது விவசாயத்துக்கே செல்கின்றது எனக் கூறுகின்றது.

இதிலிருந்து பாடம் கற்றதாகவும் தெரியவில்லை. அசோலுக்கு அடங்காத தொற்றுக்கென ஒலோரோபிம் என்ற புதிய மருந்து உருவாக்கப்பட்டு வருகின்றது. அது பங்கசைத் தாக்கும் அதே வழியில் தாக்கும் இப்புளுபெனோகுயின் என்ற விவசாய நாசினிக்கு அமெரிக்கா 2022 இலேயே அனுமதி வழங்கி விட்டது. மருந்து நோயாளியை வந்தடைவதற்கு முன்பே அதன் உறவுமுறை இரசாயனம் தோட்டத்தைச் சென்றடைந்திருக்கின்றது.

இவையெல்லாம் மேல்நாட்டுப் பிரச்சினைகள் என்று நாம் ஒதுங்கி இருக்க முடியாது. எமது மலையகத்தில் தேயிலையின் கொப்புள நோய்க்கு எதிராகத் தெளிக்கப்படும் நாசினிகளுள் ஹெக்சகோனசோல், புரோப்பிகோனசோல் ஆகியனவும் அடங்கும். இவையும் அசோல்களே. இந்தியாவில் தேயிலைத் தோட்ட மண்ணிலும் நெல்வயல் மண்ணிலும் எதிர்ப்புத்திறன் பெற்ற அஸ்பர்ஜிலஸ் காணப்பட்டதாக 2012 இல் ஆய்வொன்று வெளிவந்தது. கொழுந்து பறிக்கும் தொழிலாளர் நாள் முழுவதும் நிற்பது அந்த மலைச்சரிவில்; இரவில் உறங்குவது மழைக்காலத்தில் ஈரம் காயாத லயன் அறையில். சிஸ்டிக் பைப்ரோசிஸ் இங்கு அரிதாகவே அடையாளம் காணப்படுகின்றது என்பது உண்மையே. ஆனால் காசநோயினால் சுவாசப்பையில் வடுப்பட்டவர்களும் ஆஸ்துமா நோயாளரும் அரிதானவர்கள் அல்லர். அஸ்பர்ஜிலஸ் அவர்களையும் விட்டுவைப்பதில்லை.

பங்கசு நாசினிக்கு இந்நாட்டில் அனுமதி வழங்குபவர், 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் செயற்படும் பீடைகொல்லிப் பதிவாளர். பங்கசு மருந்துக்கு அனுமதி வழங்குவது தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபை. ஒரே இரசாயனக் குடும்பம் இரு வேறு அலுவலகங்களின் மேசைகளில் இருக்கின்றது. புதிய பங்கசு நாசினியொன்றைப் பதிவு செய்வதற்கு முன்னர், அது எந்த மருந்தின் உறவினம் என்று பதிவாளர் அதிகார சபையிடம் எழுத்துமூலம் வினவுவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதே எமது கோரிக்கை. அதற்குப் பெரும் நிதி ஒதுக்கீடு எதுவும் அவசியமில்லை.