சீமையும் சீதனமும்

இங்கிலாந்து அரசர் முதலாம் ரிச்சர்டு, தம் காவலில் இருந்த இசபெல் டி கிளேர் என்னும் பிரபுகுலப் பெண்ணை 1189இல் வில்லியம் மார்ஷலுக்கு மணமுடித்துக் கொடுத்தார். தந்தையின் அயர்லாந்து நிலங்களும் அவளோடு மணமகன் வசமாயின. மணாளனைத் தேர்ந்தவள் அவளல்லள்.

சிவகங்கையிலும் அரசி வேலு நாச்சியாரின் மகள் வெள்ளச்சியை மணந்தே வேங்கன் பெரிய உடையாத் தேவர் அரசுரிமை எய்தினார். கிழக்கிந்தியக் கும்பினியாருக்கு எதிரான 1801ஆம் ஆண்டுப் போர் முடிந்ததும் கும்பினியார் அவரைப் பினாங்குக்கு நாடு கடத்தி, சீமையைக் கௌரி வல்லபருக்கு ஜமீனாக வழங்கினர். 1829இல் கௌரி வல்லபர் ஆண் வாரிசின்றி மறைந்தார். மனைவியரும் மகளிரும் இருக்க, அண்ணன் மக்கள் ஜமீனைக் கைப்பற்றினர். பிரியாத குடும்பத்தின் சொத்து ஆண்வழிக்கே என்பது அவர்கள் வாதம். மகள் காத்தம நாச்சியார் விட்டாரில்லை. வழக்கு கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. குடும்பம் பிரியாததாயினும் ஜமீன் கௌரி வல்லபரின் தனித்தேட்டம். அது மனைவிக்கும், அவருக்குப் பின் மகளுக்குமே சேரும் என 1863இல் தீர்ப்பாயிற்று. இடைப்பட்ட 34 ஆண்டுகளில் வழக்குச் செலவு தின்றது எவ்வளவோ!

வாளேந்திய வேலு நாச்சியாரைப் போற்றுகிறோம், அது தகும். வழக்காடிய நாச்சியாரை நினைப்பார் அரியர். நெற்கட்டுஞ்செவலும் சிவகிரியும் சூழ்ந்த புளியங்குடி வட்டாரத்தில் பாளையங்களின் வீரக்கதை அறியாதார் இல்லை. ஆனால் எலுமிச்சைத் தோட்டம் பங்கு பிரியும் நாளில் மகளின் பெயர் எங்கே?

உயிலின்றி இறந்த தந்தையின் தனிச்சொத்தில் மகளுக்கும் சமபங்கு தந்தது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை அளித்த தமிழகத்தின் 1989ஆம் ஆண்டுத் திருத்தமோ, முன்னரே மணமானவர்களை விலக்கி வைத்தது. அவ்விலக்கு 2005இல் மத்தியத் திருத்தத்தால் நீங்கிற்று. சட்டம் நீக்கியதை வீடுகள் நீக்கவில்லை. "கட்டிக் கொடுத்தாயிற்று, சீரும் செய்தாயிற்று" என்ற சொல்லோடு விடுதலைப் பத்திரம் நீட்டப்படுகிறது. மறுத்தால் பிறந்தகத்து வாசல் அடைபடும் என்ற அச்சத்தில் பெண் ஒப்பமிடுகிறாள். பத்திரமோ அவள் மனமுவந்து விட்டுக்கொடுத்ததாகக் கூறும்.

அத்தகைய பத்திரம் பதிவாகுமுன், உடன்பிறந்தார் எவரும் அருகில் இல்லாதபோது, சார்பதிவாளர் அப்பெண்ணிடம் பங்கின் மதிப்பைச் சொல்லிச் சம்மதம் கேட்டல் வேண்டும். இதனை அரசு விதியாகவே ஆக்குக.