கணக்கு கேட்டால் கோபம் வருமா?

கடைசி வருஷம் பி.காம். படிக்கிற எவனைக் கேட்டாலும் ஒரே பேச்சுதான். "வேலைக்கெல்லாம் போறதில்லைடா, சேர்ந்து ஏதாவது பிசினஸ் பண்ணலாம்." என்னையும் ஒரு நண்பன் கேட்டிருக்கிறான். திருப்பூரில் எக்ஸ்போர்ட் மிச்சம் டி-ஷர்ட்களை மொத்தமாக எடுத்து காலேஜ் காலேஜாக விற்கலாம் என்பது திட்டம். லாபத்தில் ஆளுக்குப் பாதி.

திட்டத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆளைப் பற்றித்தான் யோசனை. அவன் கெட்டவன் என்பதால் இல்லை, நல்லவன் என்பதால்தான்!

பொதுவாக நாம் பார்ட்னரை எப்படிப் பார்க்கிறோம்? குடிக்க மாட்டான், மரியாதையாகப் பேசுவான், நல்ல குடும்பம், கஷ்டத்துக்கு ஓடி வருவான். இந்த நான்கும் இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். என் அப்பாவின் பார்ட்னருக்கு இந்த நான்கும் இருந்தது.

நான் ஏழாவது படிக்கும்போது அப்பாவும் அவரும் சேர்ந்து பத்து மிஷின் போட்டு பவர்டேபிள் நடத்தினார்கள். தையல் வேலையை அப்பா பார்த்துக்கொள்வார், வரவு செலவு அவர். எனக்கு அவர் பெரியப்பா மாதிரி. கணக்கு நோட்டை அப்பா எப்போது கேட்டாலும், "ஏனுங்க, என் மேல நம்பிக்கை இல்லீங்களா?" என்பார். அப்பா கூச்சப்பட்டு விட்டுவிடுவார். ஒருநாள் நூல் கடைக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றார். கம்பெனி பேரில் 1,40,000 ரூபாய் பாக்கி. அந்த நூலில் பாதி எங்கள் மிஷினுக்கு வரவே இல்லை, வெளியே விற்றிருக்கிறார். பார்ட்னர் வாடகை வீட்டில் இருந்தவர், எங்களுக்குச் சொந்த வீடு. யாரிடம் வசூலிப்பார்கள்? அம்மாவின் நகை போனது.

"நீங்க வாங்காத நூலுக்கு நீங்க ஏம்ப்பா குடுக்கணும்?" என்று அன்று கேட்டேன். இரண்டாம் வருஷம் பிசினஸ் லா பாடத்தில்தான் பதில் கிடைத்தது. 1932-ஆம் வருஷத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், பிரிவு 18: ஒவ்வொரு பார்ட்னரும் கம்பெனியின் ஏஜெண்ட். பிரிவு 25: கம்பெனியின் கடனுக்கு எல்லோரும் சேர்ந்தும் பொறுப்பு, தனித்தனியாகவும் பொறுப்பு. அதாவது அவர் போட்ட கையெழுத்து அப்பா போட்ட கையெழுத்து மாதிரிதான்.

ஆப்பிள் கம்பெனி கதை தெரியும்தானே? 1976 ஏப்ரல் 1-ல் அதைத் தொடங்கியது மூன்று பேர். மூன்றாவது ஆள் ரொனால்ட் வேய்ன். 10 சதவீதப் பங்கை 12 நாளில் விட்டுக்கொடுத்து 800 டாலர் வாங்கிக்கொண்டு விலகினார். முட்டாள் என்று எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆனால் ஸ்டீவ் ஜாப்ஸ் கடனில் சரக்கு எடுக்கிறார், மற்ற இருவரிடமும் சொத்து இல்லை, கடன்காரன் வந்தால் தன்னிடம்தான் வருவான் என்று அவர் பயந்தார். எங்கள் வீட்டு வாசலில் நூல் கடைக்காரர் நின்றதைப் பார்த்த எனக்கு அவரைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை.

2008-ல் எல்.எல்.பி. சட்டம் வந்துவிட்டதே என்பீர்கள். சரிதான், வீட்டைக் காப்பாற்றலாம். போட்ட முதலையும் நட்பையும் எந்தச் சட்டமும் காப்பாற்றாது.

அப்படியானால் ஆளை எப்படித்தான் எடை போடுவது? என் கருத்து ஒன்றே ஒன்றுதான். கணக்கு கேளுங்கள். கேட்டதும் அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். இது அவமரியாதை இல்லை. உண்மையான கணக்கை ஒருவருக்கொருவர் காட்ட வேண்டும் என்று பிரிவு 9-ம், நோட்டைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் ஒவ்வொரு பார்ட்னருக்கும் உரிமை உண்டு என்று பிரிவு 12-ம் சொல்கின்றன. நோட்டைக் கேட்டால் நோட்டை நீட்டுகிறவர் ஒரு ரகம். நோட்டைக் கேட்டால் நட்பை நீட்டுகிறவர் இன்னொரு ரகம்.

இந்தப் பரீட்சையை என் நண்பனுக்கு வைக்கலாம் என்றுதான் டிபார்ட்மெண்ட் விழாவுக்கு 120 டி-ஷர்ட் எடுத்துக் கொடுக்கும் வேலையைச் சேர்ந்து செய்தோம். முடிந்த அன்றே இரண்டு பக்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டு வந்தான். கடைசி வரி: "340 ரூபாய் குறையுது, எங்கே போச்சுன்னு தெரியலை." பாஸ் என்று மனதுக்குள் மார்க் போட்டேன். அப்புறம் அவன் கேட்டான்: "ஜூனியர்ஸ்கிட்ட நீ வாங்கின அட்வான்ஸ் 2,000 எங்கடா?"

அதில் 1,200 ரூபாயை நான் பைக் சர்வீசுக்கு எடுத்திருந்தேன். திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு: "ஏண்டா, என் மேல நம்பிக்கை இல்லையா?"

சொல்லி முடித்ததும் யாருடைய குரல் அது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் பணத்தைக் கொடுத்து விஷயத்தையும் சொன்னேன். அவன் திட்டவில்லை, நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டான். அவ்வளவுதான்.

அப்பாவின் பார்ட்னரும் முதல் தடவை திருப்பி வைத்துவிடலாம் என்றே எடுத்திருக்கலாம். யாரும் கேட்காததால் அது பழகியிருக்கும். திருக்குறளில் 51-வது அதிகாரம் 'தெரிந்து தெளிதல்'. ஆராயாமல் நம்புவது, நம்பியவனைச் சந்தேகப்படுவது, இரண்டுமே தீராத துன்பம் என்று அதில் வள்ளுவர் முடிக்கிறார். சந்தேகம் வந்த பிறகு கணக்கு கேட்டால்தான் அது சண்டை. முதல் நாளிலிருந்து சனிக்கிழமைதோறும் கேட்டால் அது வழக்கம்.

நாங்கள் தொழில் தொடங்கப் போகிறோம். பத்திரத்தில் முதல் ஷரத்தே வாரக் கணக்குதான். அதை எழுதச் சொன்னது நான் இல்லை, அவன்!

உங்கள் வருங்காலப் பார்ட்னரிடம் இன்றைக்கே ஒரு சின்னக் கணக்கு கேட்டுப் பாருங்கள். அதற்கு முன்னால், அவர் உங்களிடம் கேட்டால் உங்களுக்குக் கோபம் வருமா என்றும் யோசித்துப் பாருங்கள்.