குட்டி யானைக்குக் காற்றுப் பை போதுமா?

விடியுமுன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வந்து சேரும் சிறு சரக்கு வாகனங்களைப் பக்கவாட்டில் நின்று பார்ப்பவர்களுக்கு ஒன்று புலப்படும். சில வண்டிகளில் பின்புறம் தரையை நோக்கித் தாழ்ந்தும், முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும்படி மேல்நோக்கியும் இருக்கும். முன் சக்கரங்களின் மீது பாரம் குறைந்துவிடுவதால் ஸ்டீரிங்கும் பிடிமானமின்றி லேசாகிவிடும். இதற்கு விவசாயிகள் செய்துகொள்ளும் வைத்தியம், ஸ்பிரிங் பட்டறைக்குப் போய்ப் பின்புறக் கட்டில் ஒன்றிரண்டு பட்டைகளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வது. இப்பொழுது அதற்கு மாற்றாக ஏர் ஸ்பிரிங் என்னும் துணைச் சாதனமும் கிடைக்கிறது. இரண்டில் எது மேல் என்பதற்கு விடை எளிது. ஏர் ஸ்பிரிங்தான் மேல். ஆனால் எதற்காக அதைப் பொருத்துகிறோம் என்பதில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள்.

பட்டை சேர்ப்பதில் உள்ள குறை, பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அங்கேயே இருப்பதுதான். அரைப் பாரம் ஏற்றும் நாளில், கெட்டிப்பட்டுப்போன ஸ்பிரிங் பள்ளம் மேட்டின் அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்ளாமல் பெட்டிகளுக்கு அனுப்பிவிடுகிறது. மேல் அடுக்கில் உள்ள தக்காளி துள்ளித் துள்ளி அடிபடும். அன்று கண்ணுக்குத் தெரியாத அந்த அடி மறுநாள் கடையில் நீர் கசிந்து வெளிப்படும். காம்பு குத்தாமல் பார்த்துப் பார்த்துப் பறித்த பழத்தை வழியிலே இழப்பது வருந்தத்தக்கது. கழித்துப்போட்ட ஸ்பிரிங் பட்டை கொல்லுப் பட்டறையில் அரிவாளாகி உழவனுக்கு உதவுவது வேறு விஷயம்.

ஏர் ஸ்பிரிங் என்பது, நூல் இழை வைத்து வார்த்த தடித்த ரப்பர் பைதான். இருக்கும் ஸ்பிரிங் கட்டை எடுக்காமல், சேஸிஸுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையே, பக்கத்துக்கு ஒன்றாக இது பொருத்தப்படுகிறது. டயருக்கு உள்ளது போன்ற வால்வு வழியாகவே இதற்கும் காற்று அடிக்கலாம். பாரம் ஏற்றும்போது காற்றைக் கூட்டலாம். இறக்கிய பின் குறைக்கலாம். பை அமுங்க அமுங்க அதன் எதிர்ப்பு கூடுமாதலால், பெரும் பள்ளத்தில் வண்டி அடி தட்டுவதும் குறையும். போகும்போது முழுப் பாரம், திரும்பும்போது வெறும் வண்டி என்று ஓட்டுபவருக்கு இது மிகவும் உகந்தது.

இங்கேதான் தவறு நேர்கிறது. பின்புறம் தாழாமல் நிமிர்ந்து நிற்பதைக் கண்டதும், வண்டிக்குப் பலம் கூடிவிட்டதாக எண்ணி இன்னும் பத்துப் பெட்டி ஏற்றத் தோன்றும். பை தூக்கிப் பிடிப்பது வண்டியின் உயரத்தை மட்டுமே. ஆக்ஸில், பேரிங், டயர், பிரேக் ஆகியவை பழைய ஆக்ஸில், பழைய பிரேக்தான். தாழ்ந்த வண்டி 'போதும்' என்று காட்டிய அடையாளத்தையும் பை மறைத்துவிடுகிறது.

ஆகவே கணக்கு முதலில் வர வேண்டும். பதிவுச் சான்றிதழில் வெற்று வண்டியின் எடையும், பாரத்துடன் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 800 கிலோ என்று கொள்வோம். ஓட்டுபவரும் துணைக்கு ஒருவரும் சேர்ந்து 130 கிலோ போனால் மீதி 670 கிலோ. 14 கிலோ தக்காளி பிடிக்கும் பிளாஸ்டிக் பெட்டி, தன் எடையுடன் 16 கிலோ என்றால் 41 பெட்டிகள்தான் ஏற்றலாம். அதே வண்டியில் 60 பெட்டிகள் ஏற்றினால் 290 கிலோ அதிகம். காற்றுப் பை இருந்தாலும் அந்த 290 கிலோ அதிகம்தான்.

இன்னொன்று, மெக்கானிக்குகளிலும் சிலர் கவனியாதது. சில சரக்கு வாகனங்களில் பின் சக்கர பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைப் பாரத்துக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. சேஸிஸில் உள்ள இந்த வால்வை ஆக்ஸிலுடன் ஒரு கம்பி இணைக்கும். பின்புறம் தாழ்ந்தால் பாரம் இருக்கிறது என்று கொண்டு அழுத்தத்தைக் கூட்டும், உயர்ந்தால் குறைக்கும். காற்றடித்துப் பின்புறத்தை உயர்த்தினால் வண்டி காலியாக இருப்பதாக வால்வு கொண்டுவிடும். முழுப் பாரத்தோடு இறக்கத்தில் வரும்போது பின் பிரேக் தளர்ந்து நிற்கும். இந்த வால்வு உள்ள வண்டிக்குப் பை பொருத்துமுன் கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் கேட்டு, வால்வைச் சரிசெய்ய வழியுண்டா என்று தெரிந்துகொள்ள வேண்டும். வழியில்லையேல் பை வேண்டாம்.

சட்டத்தையும் மறத்தலாகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில், பதிவு விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றியமைப்பதற்குத் தடை உண்டு. எனவே பொருத்துமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நலம். அதிகப் பாரத்துக்கு 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதித்துள்ளது. ஒரு நடைத் தக்காளியின் விலை அதற்கு ஈடாகாத நாட்கள் உண்டு.

எல்லாம் பார்த்துப் பொருத்துபவர்கள் இரு பைகளுக்கும் தனித்தனிக் குழாய் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே குழாயில் இணைத்தால், வளைவில் பாரம் சாயும் பக்கத்துக் காற்று மறுபக்கத்துக்கு ஓடி வண்டி மேலும் சாயும். பை, புகைக்குழாய்க்கும் பிரேக் குழாய்க்கும் எட்டத்தில் இருக்க வேண்டும்; ஆக்ஸிலில் வெல்டிங் வைக்க விடலாகாது. வெறும் வண்டியிலும் காற்றை அறவே இறக்காமல், தயாரிப்பாளர் குறித்த குறைந்த அளவாவது வைத்திருக்க வேண்டும். இல்லையேல் பை மடிந்து கிழியும். காலி வண்டியில் சக்கர நடுவிலிருந்து மேல் விளிம்பு வரை உயரத்தை அளந்து குறித்துக்கொண்டு, பாரம் ஏற்றியபின் அந்த அளவைத் தாண்டாதபடி காற்றடிக்கலாம். சில நாள் ஓட்டியபின் போல்டுகளை மீண்டும் முறுக்கி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கசிவு பார்த்துக்கொள்ள வேண்டும்.